வேரில் முடிச்சு, கையில் மூன்று பெயர்: பயிர் நூற்புழுவின் சிற்றினத்தை உறுதி செய்வது எப்படி?

கேள்வி இது: கத்தரி வேர் முடிச்சுகளிலிருந்து எடுத்த பெண் நூற்புழுக்களின் பெரினியல் வடிவம் (பின்புறத் தோல் வரிகளின் அமைப்பு) மெலாய்டோகைன் இன்காக்னிட்டா என்ற வேர்முடிச்சு நூற்புழுவைப் போல இருக்கிறது. ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையே உள்ள ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியை வரிசைப்படுத்தித் தரவுத்தளத்தில் தேடினால் இன்காக்னிட்டா, ஜவானிக்கா, அரினேரியா மூன்றுமே 99 சதவீதத்துக்கு மேல் பொருந்துகின்றன. எதை நம்புவது? டிஎன்ஏவைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் வந்துவிட்ட பிறகு நுண்ணோக்கியில் உட்கார்ந்து அளந்துகொண்டிருக்க வேண்டுமா?

முதலில் நேரடியான பதில். இந்த இரண்டு முடிவுகளை மட்டும் வைத்து இன்காக்னிட்டா என்று எழுதிவிட முடியாது. இரண்டு சோதனைகளையும் நீங்கள் சரியாகவே செய்திருப்பீர்கள். ஆனால் வேர்முடிச்சு நூற்புழுக்களில் இந்த மூன்றையும் பிரிக்கும் திறன் ஐடிஎஸ்ஸுக்குக் கிடையாது. இன்காக்னிட்டா போன்ற பெரினியல் வடிவமோ இன்னொரு சிற்றினத்துக்கும் உண்டு. மெலாய்டோகைன் என்டெரோலோபி என்ற அந்தச் சிற்றினம் இவற்றையெல்லாம் விட ஆபத்தானது. உருவவியலா மரபியலா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் விஷயமே இல்லை இது. எந்தக் குழுவில் எந்த அடையாளம் ஏமாற்றும் என்று தெரிந்துகொண்டு, ஒரே புழுவிலிருந்து இரண்டு சாட்சியங்களையும் எடுப்பதுதான் வேலை.

பெயரில் இவ்வளவு கறார் எதற்கு என்று தோன்றலாம். தக்காளியில் உள்ள எம்ஐ-1 என்ற எதிர்ப்பு மரபணு இன்காக்னிட்டா, ஜவானிக்கா, அரினேரியா மூன்றையும் தடுக்கும்; மெலாய்டோகைன் ஹாப்லாவையும் மெலாய்டோகைன் என்டெரோலோபியையும் தடுக்காது. உருளைக்கிழங்கில் எச்1 மரபணு குளோபோடெரா ரோஸ்டோகியென்சிஸ் என்ற முட்டைக்கூடு நூற்புழுவின் சில வகைகளுக்கு எதிராக நன்றாக வேலை செய்யும்; குளோபோடெரா பாலிடா அதைப் பொருட்படுத்தாது. பெயர் தவறினால், எதிர்ப்பு ரகம் என்று நம்பி நட்டவரின் வயல் முழுக்கப் புழு பெருகும். பயிர்ச் சுழற்சியில் எந்தப் பயிரைச் சேர்ப்பது, சரக்கைத் துறைமுகத்தில் விடுவதா திருப்பி அனுப்புவதா என்பதும் அந்தப் பெயரை நம்பித்தான் முடிவாகிறது.

உருவவியலில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வேலையும் அங்கேதான் தொடங்க வேண்டும். மண்ணிலிருந்து வடித்தெடுத்த ஒரு துளி நீரில் பயிருக்குக் கெடுதல் செய்யாத நூற்புழுக்களே பெரும்பாலும் அதிகம் இருக்கும்: பாக்டீரியாவைத் தின்பவை, பூஞ்சையைத் தின்பவை, மற்றப் புழுக்களை விழுங்குபவை. வாயில் ஸ்டைலட் எனும் குத்தூசி இருக்கிறதா என்பதே முதல் வடிகட்டி. ஊசி இருந்தால் அது எப்படிப்பட்டது என்று பாருங்கள். அடியில் மூன்று குமிழ்களோடு உறுதியாக இருந்தால் டைலெங்கிட் வகை. அளவே நிறையச் சொல்லிவிடும். வேர்முடிச்சுப் புழுவின் இரண்டாம் நிலை இளம்புழுவுக்கு ஊசி மெல்லியது, 10 முதல் 12 மைக்ரான் அளவில் இருக்கும். உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுவின் இளம்புழுவுக்கு அது தடித்து, 20 மைக்ரானைத் தாண்டும். நூறு மைக்ரானைத் தாண்டிய நீள ஊசி, அடியில் உருண்டைக் குமிழ்கள் இல்லாமல், விளிம்பு விரிந்த நீட்சியோடு இருந்தால் அது ஸிஃபினேமா பக்கம். அது வைரஸ் கடத்தும் கூட்டம். திராட்சையின் விசிறி இலை வைரஸை ஸிஃபினேமா இண்டெக்ஸ் கடத்துகிறது என்று 1958இல் காட்டியதுதான் மண் நூற்புழு வைரஸைப் பரப்பும் என்பதற்கு முதல் நிரூபணம்.

அடுத்து உணவுக்குழல். முதுகுப்புறச் சுரப்பியின் வாய் எங்கே திறக்கிறது என்பதைக் கவனியுங்கள். டைலெங்கிட் புழுக்களில் ஊசியின் அடிக்குமிழ்களுக்குச் சற்றுப் பின்னால் திறக்கும். அஃபெலெங்கிட் புழுக்களில் உணவுக்குழலின் நடுக்குமிழுக்குள்ளேயே திறக்கும். இந்த ஒரு குறிப்பே பெரிய குழுக்களைப் பிரித்துவிடும். ரோட்டிலெங்குலஸ் ரெனிஃபார்மிஸில் அந்தத் திறப்பு ஊசியின் நீளம் அளவுக்கே பின்னால் தள்ளிப் போயிருக்கும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அதை மறக்கமாட்டீர்கள்.

மெல்லிய சூட்டில், அறுபது டிகிரி செல்சியஸையொட்டி, கொன்ற புழு எந்த வடிவில் கிடக்கிறது என்பதும் அடையாளம். ஹெலிகோடிலெங்கஸ் சுருளாகச் சுருண்டுவிடும். பிராட்டிலெங்கஸ் ஏறக்குறைய நேராகக் கிடக்கும். கொதிநீரை ஊற்றிச் சிதைத்துவிட்டால் இந்தத் தகவல் போய்விடும் என்பதால் சூட்டில் பொறுமை வேண்டும். அதன் பிறகு அளவுகள். டச்சு விலங்கியலாளர் டி மான் வகுத்த விகிதங்களை இன்றும் பயன்படுத்துகிறோம்: நீளத்தை அதிகபட்ச அகலத்தால் வகுப்பது, உணவுக்குழல் நீளத்தால் வகுப்பது, வால் நீளத்தால் வகுப்பது, வல்வா எனும் பெண் துளை உடல் நீளத்தில் எத்தனையாவது சதவீதத்தில் இருக்கிறது என்பது. இவற்றில் நான் அதிகம் நம்புவது வல்வாவின் இடம்தான். புழு பட்டினி கிடந்தாலும், கொழுத்திருந்தாலும், மிகையாக அழுத்தப்பட்டிருந்தாலும் நீள அகல விகிதம் ஆடும். வல்வாவின் சதவீதம் அவ்வளவு ஆடாது.

இத்தனையும் சேர்ந்து உங்களுக்குத் தருவது பேரினத்தின் பெயர். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். எந்தப் பிரைமரை (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் குறுகிய டிஎன்ஏ துண்டை) எடுப்பது, எந்த மரபணுப் பகுதியை வரிசைப்படுத்துவது என்ற முடிவு முழுக்க அதைப் பொறுத்தே இருக்கிறது. பேரினம் தெரியாமல் பிசிஆர் இயந்திரத்தின் முன் நிற்பவர், எந்தக் கேள்வி கேட்பது என்று தெரியாமலே பதிலுக்காகக் காத்திருப்பவர்.

இப்போது உங்கள் முடிச்சுக்கு வருகிறேன். வேர்முடிச்சு நூற்புழுக்கள் அனைத்தையும் ஒரே சிற்றினமாக, ஹெட்டெரோடெரா மரியோனி என்ற பெயரில் வைத்திருந்த காலம் உண்டு. 1949இல் அமெரிக்க நூற்புழுவியலாளர் சிட்வுட் அவற்றை மெலாய்டோகைன் என்ற பேரினத்தின் கீழ் பிரித்தார். பிரிப்பதற்கு அவர் முக்கியமாக நம்பியது பெண் புழுவின் பின்புறத்தில், வல்வாவையும் ஆசனவாயையும் சுற்றி ஓடும் தோல் வரிகளை. கைரேகை மாதிரியான இந்த வரிகளைத்தான் பெரினியல் வடிவம் என்கிறோம். இன்று இந்தப் பேரினத்தில் நூறு சிற்றினங்களுக்கு அருகில் விவரிக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கைரேகையை எத்தனை பெயர்களுக்கு நடுவே வைத்து ஒப்பிட வேண்டியிருக்கிறது என்று பாருங்கள்.

வரிகளைப் படிக்கும் முறை இது. இன்காக்னிட்டாவில் மேல்புற வளைவு உயரமாகச் சதுரம் போல எழும். பக்கவாட்டில் தெளிவான கோடு கிடையாது. ஜவானிக்காவில் இரு பக்கமும் கோடுகள் வடிவத்தையே மேல்பாதி கீழ்ப்பாதி என்று பிரித்துவிடும்; நல்ல ஜவானிக்கா வடிவத்தைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வராது. அரினேரியாவில் வளைவு தாழ்ந்து, பக்கங்களில் வரிகள் கவையாகப் பிரியும். ஹாப்லாவில் வட்டமான வரிகளுக்கு நடுவே வால் முனையருகே சிறு புள்ளிகள் தெளித்தது போல இருக்கும். பாடநூல் படங்களில் இவை பளிச்சென்று தெரியும். ஒரே முட்டைக் குவியலிலிருந்து வளர்த்த பத்து, இருபது பெண் புழுக்களை வெட்டிப் பாருங்கள், படத்துக்கும் நிஜத்துக்கும் உள்ள தூரம் புரியும். ஒன்று பாடநூல் மாதிரி இருக்கும், இன்னொன்று இரண்டுக்கும் நடுவில் நிற்கும், மூன்றாவது எந்தப் படத்தோடும் ஒட்டாது.

வெட்டும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டிஎன்ஏவைக் காப்பாற்றுவதும் இழப்பதும் இந்த இடத்தில்தான். முடிச்சை ஸ்டீரியோ நுண்ணோக்கியின் கீழ் வைத்து, கூரிய ஊசிகளால் திசுவை மெல்லப் பிரித்தால் முத்து வெண்மையில் பெண் புழு தெரியும். கழுத்து வேர்த்திசுவுக்குள் புதைந்திருக்கும், இழுத்தால் அறுந்துவிடும். சுற்றியுள்ள திசுவை விலக்கி முழுதாக வெளியே எடுங்கள். அதன் முட்டைக் குவியலைத் தனிக் குழாயில் போட்டு, புழுவின் எண்ணையே அதற்கும் இடுங்கள். புழுவைச் சுத்தமான ஒரு துளி நீரில் வைத்து, பின்பகுதியை ஒரே வெட்டில் வெட்டுங்கள். உள்ளிருக்கும் பால் போன்ற திரவத்தையும் முன்பகுதியையும் சேர்த்து உறிஞ்சி, புரதத்தைக் கரைக்கும் புரோட்டினேஸ்-கே நொதி கலந்த கரைசலில் போட்டுவிடுங்கள், டிஎன்ஏ அங்கே. பின்பகுதியை மட்டும் 45 சதவீத லாக்டிக் அமிலத் துளிக்கு மாற்றி, கண் இமை முடியை ஒட்டிய குச்சியால் உட்புறத்தில் ஒட்டியிருப்பதைத் துடைத்து, வல்வா நடுவில் வருமாறு ஓரங்களைச் செதுக்கி, கிளிசரினில் வெளிப்புறம் மேலே பார்க்க வைத்துக் கவர் ஸ்லிப்பை மூடுங்கள். வழக்கமாகப் பலர் முழுப் புழுவையும் முதலிலேயே லாக்டிக் அமிலத்தில் போட்டுவிடுகிறார்கள். பிறகு டிஎன்ஏவுக்கு வேறொரு புழுவைத் தேடுகிறார்கள். வேரில் இரண்டு சிற்றினங்கள் கலந்திருந்தால் ஸ்லைடில் ஒன்றும் குழாயில் இன்னொன்றுமாகிவிடும். கலப்புத் தொற்று அபூர்வம் இல்லை. ஒரே வேரில், சில சமயம் ஒரே முடிச்சிலேயே கிடைக்கும்.

பதப்படுத்துவதிலும் இதே கவனம். ஃபார்மலின் கலந்த கரைசல்கள் உருவத்தை அழகாகக் காக்கும், டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். எத்தனால் டிஎன்ஏவைக் காக்கும், உடலைச் சுருக்கிவிடும். இரண்டையும் ஓரளவு காக்கும் கரைசல் 2006இல் நூற்புழுக்களுக்கென்று முன்வைக்கப்பட்டது: டிஎம்எஸ்ஓ, இடிடிஏ, உப்பு தெவிட்டிய நீர் மூன்றும் சேர்ந்த டெஸ். அறை வெப்பநிலையிலேயே வைத்திருக்கலாம் என்பதால் களத்துக்கு எடுத்துப் போக ஏற்றது. மண்ணில் வாழும், முழு உடலோடு கிடைக்கும் புழுக்களுக்கு இன்னும் எளிய வழி: தற்காலிக ஸ்லைடில் வைத்து, தலை முதல் வால் வரை குவியத்தை நகர்த்தியபடியே வீடியோ எடுத்துவிட்டு, அதே புழுவைக் கவர் ஸ்லிப்பிலிருந்து மீட்டு டிஎன்ஏவுக்கு அனுப்பலாம். புழு கரைந்து போகும். ஆனால் அதன் ஊசி, உணவுக்குழல், வால் எல்லாம் வீடியோவில் இருக்கும். ஐந்து ஆண்டு கழித்து யாராவது சந்தேகம் எழுப்பினால் திறந்து காட்டலாம்.

இன்காக்னிட்டா போன்ற வடிவம் ஏன் போதாது என்பதற்கு என்டெரோலோபியின் வரலாறே பதில். சீனாவின் ஹைனான் தீவில் என்டெரோலோபியம் என்ற மரத்தின் வேரிலிருந்து 1983இல் இது விவரிக்கப்பட்டது. 1988இல் புவேர்ட்டோ ரிக்கோவில், உங்கள் மாதிரி போலவே கத்தரி வேரிலிருந்து, மெலாய்டோகைன் மயகுவென்சிஸ் என்று ஒரு புதிய சிற்றினம் விவரிக்கப்பட்டது. பின்னாளில் எஸ்டரேஸ் நொதியும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவும் ஒத்துப்போனதால் இரண்டும் ஒன்றே என்று தெரிந்து, முந்தைய பெயரே நிலைத்தது. இதன் பெரினியல் வடிவம் இன்காக்னிட்டாவுக்கு மிக நெருக்கம். அதனால் பல இடங்களில் இன்காக்னிட்டா என்ற பெயரிலேயே கடந்துபோனது. கொய்யாவை நாசமாக்குவதும், எம்ஐ-1 உள்ள தக்காளியில் தயங்காமல் பெருகுவதும் இதுதான். எதிர்ப்பு ரகத்தில் பெரிய முடிச்சுகள் கண்டால் என் முதல் சந்தேகம் இதன் மீதே போகும். ஆனால் அப்போதும் ஒரு எச்சரிக்கை உண்டு: மண் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் எம்ஐ-1 தளர்ந்துவிடும், சாதாரண இன்காக்னிட்டாவே முடிச்சுப் போடும். ரகம் தோற்றது என்பதை மட்டும் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

டிஎன்ஏ வருவதற்கு முன்பே நொதிகள் இந்தச் சிக்கலில் பாதியைத் தீர்த்துவிட்டன. எஸ்பென்ஷேடும் டிரையன்டாஃபில்லூவும் 1985இல் பல கண்டங்களிலிருந்து வந்த வேர்முடிச்சுப் புழுக்களை ஜெல்லில் ஓட்டி, எஸ்டரேஸ் பட்டைகள் சிற்றினத்துக்குச் சிற்றினம் வேறுபடுவதைக் காட்டினார்கள். ஜவானிக்காவுக்கு மூன்று பட்டைகள், ஜே3 என்பார்கள். இன்காக்னிட்டாவுக்குப் பெரும்பாலும் ஒன்று. என்டெரோலோபிக்கு இரண்டு வலுவான பட்டைகளும் துணைக்கு மங்கலானவையும். முட்டையிடத் தொடங்கிய இளம் பெண் புழு ஒன்றே போதும். ஒரு ஜெல்லில் பல புழுக்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டலாம். கலப்புத் தொற்றைக் கண்ணால் பார்க்க இதைப் போல இன்னொரு முறை இல்லை என்பேன். குறை என்னவென்றால் புழு உயிரோடு, சரியான பருவத்தில் வேண்டும். மண்ணில் கிடைக்கும் இளம்புழுவுக்கு இது உதவாது.

சரி, ஐடிஎஸ் ஏன் கைவிட்டது? இன்காக்னிட்டா, ஜவானிக்கா, அரினேரியா மூன்றும் ஆண் துணை இல்லாமல், குன்றல் பிரிவும் இல்லாமல் இனப்பெருக்கம் செய்பவை. மூன்றும் பழைய கலப்பினச் சேர்க்கையில் தோன்றியவை. குரோமோசோம் தொகுதிகளும் இரண்டுக்கு மேல் உண்டு. இன்காக்னிட்டாவின் மரபணுத்தொகை 2008இல் வெளியானது; மூன்றையும் அருகருகே வைத்து ஒப்பிட்ட 2017ஆம் ஆண்டு ஆய்வு இந்தக் கலப்பு வரலாற்றைத் தெளிவாக்கியது. அதாவது ஒரே புழுவுக்குள்ளேயே ஐடிஎஸ்ஸின் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் இருக்கலாம், அதே வடிவங்கள் பக்கத்துச் சிற்றினத்திலும் இருக்கலாம். நீங்கள் பார்த்த 99 சதவீதம் வரிசைப்படுத்தலின் பிழை கிடையாது. அந்தப் பகுதியில் பிரித்துக் காட்ட ஒன்றுமே இல்லை என்பதுதான் அதன் பொருள். ஆனால் ஹாப்லாவை இந்த மூன்றிலிருந்தும் அதே ஐடிஎஸ் சுலபமாகப் பிரித்துவிடும். என்டெரோலோபியும் விலகி நிற்கும். எனவே உங்கள் வரிசையில் ஒரு தகவல் இருக்கத்தான் செய்கிறது: கூட்டம் எது என்று சொல்லிவிட்டது, ஆள் யார் என்று சொல்லவில்லை.

ஆளைப் பிடிக்க மைட்டோகாண்ட்ரியா பக்கம் போக வேண்டும். சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் இரண்டாம் மரபணுவுக்கும் 16எஸ் மரபணுவுக்கும் இடைப்பட்ட பகுதியை 1993இல் பவர்ஸும் ஹாரிஸும் அறிமுகப்படுத்தினார்கள். அதன் நீளமே அடையாளம்: இன்காக்னிட்டா, ஜவானிக்காவில் சுமார் 1.7 கிலோபேஸ் (ஒரு கிலோபேஸ் என்பது ஆயிரம் டிஎன்ஏ எழுத்து, அதாவது ஆயிரம் பேஸ்), அரினேரியாவில் 1.1, ஹாப்லாவில் அரை கிலோபேஸ் அளவு, என்டெரோலோபியில் சுமார் 705 பேஸ். ஒரே நீளமுள்ளவற்றை வெட்டு நொதி கொண்டு பிரிக்கலாம், அல்லது வரிசைப்படுத்தலாம். 2016இல் வெப்பமண்டல வேர்முடிச்சுப் புழுக்களின் மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களை ஒப்பிட்டவர்கள் என்ஏடி5 மரபணுவை முன்வைத்தார்கள். அதிலும் சிற்றினங்களுக்கு இடையே வேறுபாடு சில எழுத்துகள்தான். ஆனால் அந்தச் சில எழுத்துகள் நிலையானவை. எஸ்டரேஸ் முடிவோடு ஒத்துப்போகின்றன. இங்கே சதவீதத்தைப் பார்ப்பதில் அர்த்தமில்லை. எந்த இடத்தில் எந்த எழுத்து என்று வரிசைகளை அடுக்கி வைத்துப் படிக்க வேண்டும்.

ஸ்கார் வகைப் பிரைமர்கள் இன்னொரு வழி. ஒவ்வொரு சிற்றினத்துக்கும் தனிப் பிரைமர் ஜோடி, ஜெல்லில் குறிப்பிட்ட நீளத்தில் பட்டை. ஜவானிக்காவுக்கு 670, அரினேரியாவுக்கு 420, என்டெரோலோபிக்கு எம்கே7 ஜோடியில் 520 பேஸ். விரைவானவை, மலிவானவை. ஆனால் பட்டை வரவில்லை என்றால் அந்தச் சிற்றினம் இல்லை என்று ஆகாது; பிரைமர் ஒட்டும் இடத்தில் அந்தக் கூட்டத்துக்கு மட்டும் ஒரு மாற்றம் இருக்கலாம், டிஎன்ஏவே சரியாக வந்திருக்காமல் போயிருக்கலாம். அதே குழாயிலிருந்து, எல்லா நூற்புழுக்களிலும் உள்ள 28எஸ் மரபணுவின் டி2-டி3 பகுதியையும் பெருக்கிப் பாருங்கள். அது வந்து ஸ்கார் வராவிட்டால்தான் அந்த ‘இல்லை’க்கு ஏதாவது மதிப்பு.

வேர்முடிச்சுக்கு வெளியே இந்தத் தராசு வேறு மாதிரிச் சாயும். உருளைக்கிழங்கின் முட்டைக்கூடு நூற்புழுக்களில் உருவவியலுக்கு இன்னும் நல்ல பலம் உண்டு. வேரில் ஒட்டியிருக்கும் இளம் பெண் புழு பழுக்கும்போது பொன் மஞ்சளாக மாறினால் ரோஸ்டோகியென்சிஸ். வெள்ளையாகவோ வெளிர் நிறத்திலோ இருந்து நேரே பழுப்பானால் பாலிடா. கூடு காய்ந்து பழுப்பாகிவிட்டால் நிறம் உதவாது. அப்போது கூட்டின் பின்முனையை வெட்டி வல்வாவுக்கும் ஆசனவாய்க்கும் இடையில் உள்ள தோல் மேடுகளை எண்ண வேண்டும்: ரோஸ்டோகியென்சிஸில் 16 முதல் 31, பாலிடாவில் 8 முதல் 20. இடையே மேற்பொருந்தும் எல்லை இருப்பதைக் கவனியுங்கள். ஆசனவாயிலிருந்து வல்வாக் குழியின் அருகு விளிம்பு வரையுள்ள தூரத்தை அந்தக் குழியின் விட்டத்தால் வகுக்கும் கிரானெக் விகிதமும் அப்படியே, சராசரி மூன்றுக்கு மேலா கீழா என்று பார்க்கலாம், ஒற்றைக் கூட்டை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. இளம்புழுவின் ஊசிக் குமிழ்கள் எனக்கு மிகவும் பிடித்த அடையாளம். எண்ணெய் லென்ஸில் பக்கவாட்டில் பார்த்தால் ரோஸ்டோகியென்சிஸில் குமிழ்கள் உருண்டு பின்னோக்கிச் சரிந்திருக்கும். பாலிடாவில் முன்பக்கம் தலைநோக்கிக் கூர்ந்து நிற்கும். நீளத்தில் ஒன்றிரண்டு மைக்ரான் வித்தியாசத்தைத் துரத்துவதைவிட இந்த வடிவத்தைப் பார்ப்பது பலன் தரும். பாலிடா 1973 வரை தனிச் சிற்றினமாகவே கருதப்படவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதற்கு முந்தைய பதிவுகளில் ரோஸ்டோகியென்சிஸ் என்ற பெயர் இரண்டையும் குறிக்கலாம். இங்கே ஐடிஎஸ் நன்றாக வேலை செய்கிறது. 1997இல் வந்த பிரைமர் தொகுப்பில் ஒரே பிசிஆரில் ரோஸ்டோகியென்சிஸுக்கு 434, பாலிடாவுக்கு 265 பேஸ் என்று இரண்டும் பிரிந்துவிடும். கூட்டைப் பிளந்து சில முட்டைகளை டிஎன்ஏவுக்கும், பின்முனையை ஸ்லைடுக்கும் அனுப்பினால் ஒரே கூட்டில் இரண்டு சாட்சியும் கிடைத்துவிடும்.

பைன் மரங்களை வாட வைக்கும் பர்சாபெலெங்கஸ் சைலோபிலஸில் நிலைமை வேறு. பெண் புழுவின் வால் உருண்டு முடிந்தால் சைலோபிலஸ், முனையில் சிறு கூர் இருந்தால் அதிகத் தீங்கில்லாத முக்ரோனேட்டஸ் என்பது பழைய விதி. ஆனால் வாலில் கூர் உள்ள சைலோபிலஸ் கூட்டங்களும் உண்டு. மேலும் இறக்குமதி மரத்துண்டில் பல சமயம் இளம்புழுக்கள் மட்டுமே கிடைக்கும், அவற்றில் பார்க்க இந்த வால் அடையாளமே இருக்காது. இந்தக் குழுவில் டிஎன்ஏ இல்லாமல் சிற்றினப் பெயர் எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

டிஎன்ஏ எப்போதும் புதிய பெயர்களையே கூட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. வாழையையும் எலுமிச்சை வகைகளையும் தாக்கும் ரேடோஃபோலஸ் சிமிலிஸைப் பாருங்கள். எலுமிச்சை வகைகளைத் தாக்கும் கூட்டம் 1984இல் ரேடோஃபோலஸ் சிட்ரோஃபிலஸ் என்று தனியாகப் பிரிக்கப்பட்டது. பின்னர் ரைபோசோம் டிஎன்ஏவில் வேறுபாடு தெரியாததாலும், இரண்டும் கலந்து வளமான சந்ததி தந்ததாலும் மறுபடி ஒன்றாக்கப்பட்டது. இதற்கு நேரெதிர் டைட்டிலெங்கஸ் டிப்சாசி: ஃபாபா அவரையில் வாழும் ‘ராட்சத வகை’ என்று நீண்ட காலம் அழைக்கப்பட்ட கூட்டம், உடல் அளவு, குரோமோசோம் எண்ணிக்கை, டிஎன்ஏ மூன்றிலும் விலகி நின்றதால் 2011இல் டைட்டிலெங்கஸ் கைகாஸ் ஆனது. இரண்டு முடிவுகளிலும் ஒற்றை வரிசை தீர்ப்புச் சொல்லவில்லை, பல வகைச் சான்றுகள் சேர்ந்தே சொல்லின.

தரவுத்தளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அங்கே இருக்கும் பெயர், வரிசையைப் பதிவு செய்தவர் வைத்த பெயர். அவர் பெரினியல் வடிவத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைத்திருந்தால், அந்தப் பிழையும் வரிசையோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும். ஐரோப்பாவில் மெலாய்டோகைன் எத்தியோப்பிக்கா என்று பல ஆண்டுகள் பதிவாகியிருந்த கூட்டங்கள், 2014இல் புதிதாக விவரிக்கப்பட்ட மெலாய்டோகைன் லூசி என்று 2017இல் திருத்தப்பட்டன. பழைய பெயரில் பதிவான வரிசைகளோடு ஒப்பிடுபவர் இன்றும் பழைய பெயருக்கே போவார். எனவே பட்டியலில் முதலில் வருவதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சிற்றினம் முதன்முதலில் விவரிக்கப்பட்ட இடத்திலிருந்தோ, அதே பயிரில் உருவ அளவுகளோடு வெளியான ஆய்விலிருந்தோ வந்த வரிசையைத் தேடி, அதோடு ஒப்பிடுங்கள். எத்தனை சதவீதம் வேறுபட்டால் வேறு சிற்றினம் என்று எல்லா நூற்புழுவுக்கும் பொருந்தும் ஒரே எல்லை கிடையாது. ஸிஃபினேமா அமெரிக்கானம் குழுவைப் பாருங்கள்: ஐம்பதுக்கு மேற்பட்ட பெயர்கள், ஒன்றன்மீது ஒன்று மேற்பொருந்தும் அளவுகள், எவை உண்மையில் தனிச் சிற்றினங்கள் என்பதில் வல்லுநர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அங்கே குழுவின் பெயரோடு நிறுத்துவதே நேர்மை.

இனி உங்கள் மாதிரி. ஸ்லைடு செய்த அதே புழுக்களின் முன்பகுதி டிஎன்ஏ உங்களிடம் இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். இல்லையென்றால் அதே வேர்களிலிருந்து புதிதாகப் பெண் புழுக்களை எடுத்து மேலே சொன்னபடி வெட்டுங்கள். ஒன்றிரண்டோடு நிறுத்தாமல் வெவ்வேறு முடிச்சுகளிலிருந்து பத்துப் பதினைந்தாவது வேண்டும். உங்கள் ஐடிஎஸ் அந்த மூவர் கூட்டத்தைக் காட்டினாலும், வரிசைப்படுத்திய புழுக்களுக்குப் பக்கத்திலேயே என்டெரோலோபியும் கலந்திருக்கலாம் என்பதால் எம்கே7 பிரைமரை முதலில் ஓட்டுங்கள். உறுதி செய்யப்பட்ட என்டெரோலோபி டிஎன்ஏ ஒன்றையும், வெறும் நீர் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். பட்டை வராவிட்டால் மைட்டோகாண்ட்ரியாவின் அந்த இடைப்பகுதியைப் பெருக்கி நீளத்தைப் பாருங்கள். 1.1 கிலோபேஸ் வந்தால் அரினேரியா பக்கம், 1.7 வந்தால் என்ஏடி5 வரிசையை எடுத்து எழுத்து எழுத்தாக இன்காக்னிட்டா, ஜவானிக்காவோடு ஒப்பிடுங்கள். உயிருள்ள இளம் பெண் புழுக்கள் இன்னும் வேரில் இருந்தால் எஸ்டரேஸையும் ஓட்டிவிடுங்கள். முட்டைக் குவியல்களைத் தூக்கி எறிய வேண்டாம். ஒற்றைக் குவியலைத் தக்காளி நாற்றில் ஏற்றிவிட்டால் ஏழெட்டு வாரத்தில் ஒரே தாயின் சந்ததி கைநிறையக் கிடைக்கும், எந்தச் சோதனையையும் திரும்பச் செய்யலாம்.

அறிக்கையில் பெயரை மட்டும் எழுதாதீர்கள். எத்தனை பெண் புழுக்களைப் பார்த்தீர்கள், எத்தனையில் பெரினியல் வடிவமும் மைட்டோகாண்ட்ரியாவும் ஒத்துப்போயின, எந்தப் பிரைமர், என்ன நீளம் என்று சேர்த்து எழுதுங்கள். ஒத்துப்போகாத புழு ஒன்று இருந்தாலும் அதை விட்டுவிடாமல் தனி வரியில் குறிப்பிடுங்கள். எம்கே7இல் பட்டை வந்துவிட்டால், விவசாயிக்குச் சொல்வதற்கு முன் அந்தப் புழுவின் மைட்டோகாண்ட்ரியா வரிசையையும் எடுத்து, மீதி டிஎன்ஏவையும் ஸ்லைடையும் அங்கீகாரம் பெற்ற இன்னொரு ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்யுங்கள். பல நாடுகளில் அது தனிமைப்படுத்தல் விதிகளுக்குள் வரும் புழு.